ஜெயமாலா உட்கார்ந்து வந்த வண்டி

செஞ்சியில் பழைய வேன் வாங்க வருகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், நாள் நட்சத்திரம் பார்ப்பார்கள். எல்லாம் பார்த்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்.

"அந்தம்மா உக்காந்து வருமா?"

அந்தம்மா என்றால் ஜெயமாலா. திண்டிவனம் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, முன்னால் ஆறேழு வேன்களை வரிசையாக நிறுத்தியிருக்கும் வண்டிக்கடை அவருடையது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தால், கால் இரண்டும்தான் வெளியே தெரியும். ஆள் தேடி வருகிறவர்கள் அந்தக் கால்களிடம்தான் விலை பேசுவார்கள்.

விற்ற வண்டிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு 'போய்ட்டு வாங்க' என்று கும்பிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. வாங்கியவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் அவரும் ஏறிக்கொள்வார். மடியில் ஒரு துணிப்பை. அதில் தண்ணீர் பாட்டில், வறுத்த வேர்க்கடலை, ஒரு சின்னச் சுத்தியல். வண்டி காந்தி பஜாரில் ஒரு சுற்றுச் சுற்றும். டீக்கடைகளில் இருப்பவர்கள் கண்ணாடி டம்ளரோடு வெளியே எட்டிப் பார்ப்பார்கள். பிறகு வல்லமோ, அனந்தபுரமோ, வாங்கியவர் வீட்டு வாசல்வரை போய் இறங்கி, மோர் கொடுத்தால் குடித்துவிட்டு, டவுன் பஸ் பிடித்துத் திரும்புவார். கண்டக்டர்களுக்கு இது அத்துப்படி.

"இன்னாக்கா, இன்னிக்கி எந்த ஊருக்குப் பொண்ண அனுப்பிட்டு வர்றே?"

"பனமலைக்கு. நல்ல எடம். மாமியார் இல்ல."

இந்தப் பழக்கம் ஜெயமாலா திட்டம் போட்டு ஆரம்பித்தது அல்ல. மேல்சித்தாமூர் பக்கத்தில் மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய நைனாவிடம் ஒரு டிராக்டர் இருந்தது. அதை ஓட்ட வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் ஜெயமாலா ஓட்டினார். செஞ்சியில் மணிலா மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மல்லிநாதனுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தபோது, பந்தியில் ஒரு பெரியவர், "பையன் பேனா ஓட்டுவான், பொண்ணு வண்டி ஓட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அப்படியேதான் ஆனது. மண்டி மூடப்பட்டபோது இருவரும் சேர்ந்து ஒரு பழைய வேனை வாங்கி, ஊர் ஊராக மணிலா மூட்டை ஏற்றி விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜெயமாலா அந்த வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே அதன் குடலைக் கற்றுக்கொண்டார். நல்ல நிலைமைக்கு வந்ததும் அதை விலைக்குக் கேட்டு வந்தவர் அனந்தபுரம் பச்சமுத்து.

"பொம்பளப்புள்ள சொல்றத நம்பி வாங்கி, நடுரோட்ல நின்னுட்டா?" என்று இழுத்தார் பச்சமுத்து. "அவ்ளோ நல்ல வண்டின்னா நீயே ஏறி வாயேன் பாக்கலாம்."

வந்த கோபத்தில் ஜெயமாலா ஏறி உட்கார்ந்துவிட்டார். அனந்தபுரம் வரை வாயைத் திறக்கவில்லை. வண்டியும் எங்கேயும் நிற்கவில்லை. பச்சமுத்து ஊரெல்லாம் அதைச் சொன்னார். அடுத்து வண்டி கேட்டு வந்தவர், "எனக்கும் உக்காந்து வரணும்" என்றார். அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. ஜெயமாலாவிடம் வாங்கிய வண்டியை மூன்றாவது ஆளுக்கு, நான்காவது ஆளுக்கு விற்கும்போதுகூட, "இது ஜெயமாலா உட்கார்ந்து வந்த வண்டி" என்று சொல்லித்தான் விற்பார்கள். அந்த வாக்கியத்தை யாராவது சொல்லிக் கேட்கும்போது, கேட்காதவர் மாதிரி ஜெயமாலா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். காது மட்டும் அங்கேயே இருக்கும்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மீன், கறி ஏற்றிய வண்டியை வாங்க மாட்டார். பரம்பரையாக வீட்டில் அந்த வாசனையே அறியாத குடும்பம். தரகர்களுக்கு இது தெரியும், கடற்கரைப் பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் தெரியும்.

அப்படியிருந்தும் போன வருஷம் ஒரு வெள்ளை வேன் வந்தது.

கொண்டுவந்தவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். கோயில் சுற்றுலாவுக்கு ஓடிய வண்டி என்றார். கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசனை ஆளைத் தூக்கியது. உள்ளே புது ரப்பர் விரிப்பு, ஓரமெல்லாம் பளபளக்கும் அலுமினியப் பட்டை அடித்து இறுக்கியிருந்தது. அடியில் புதிதாகக் கருப்பு பெயிண்ட். ஜெயமாலா வழக்கம்போல அடியில் நுழைந்தார், எஞ்சினைக் கேட்டார், ஸ்டியரிங்கை ஆட்டினார், முன்சக்கரத்தைத் தட்டினார். எல்லாம் திருப்தி. பின்னால் விரிப்பைத் தூக்கிப் பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பட்டையைப் பிடுங்கினால் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டார். சாம்பிராணி வாசனை அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த வேனை வாங்கியவள் பனமலை அமலா. கணவன் வெளிநாட்டில் வேலை. அமலா தானே வண்டி ஓட்டப் படித்து, உரிமம் எடுத்து, ஊர்ப் பெண்களைத் திண்டிவனம் பக்கம் இருக்கும் காலணித் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலையை ஆரம்பித்திருந்தாள். வாடகை வண்டியில் ஓட்டிச் சலித்து, சொந்த வண்டிக்கு ஆசைப்பட்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் ஜெயமாலாவுக்குத் தன் டிராக்டர் காலம் ஞாபகம் வந்தது. பஜாரைச் சுற்றி, அனந்தபுரம் தாண்டி, பனமலை ஏரிக்கரை மேல் அமலா ஓட்டிப்போன அழகில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. வழியில் அமலா இரண்டு மூன்று தடவை மூக்கை உறிஞ்சினாள்.

"சளியா?" என்றார் ஜெயமாலா.

"இல்லக்கா. ஒண்ணுமில்ல."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அது நடந்தது. வேன் நிறையப் பெண்கள். வல்லம் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும், கடைசி இருக்கையில் இருந்த கவிதா, "ஐயோ!" என்று அலறினாள். ரப்பர் விரிப்பு பொத்தென்று கிழிந்து, அவளுடைய வலது கால் கணுக்கால்வரை தரைக்குள் இறங்கிவிட்டது. கீழே ஓடுகிற தார்ச்சாலை. பக்கத்தில் இருந்தவர்கள் அவளைக் கட்டிப்பிடித்து மேலே இழுத்தார்கள். காலில் சிராய்ப்பு. செருப்பு போய்விட்டது.

அமலா வண்டியை ஓரம் கட்டி, பின்னால் ஓடி வந்து பார்த்தாள். வெளிறிப்போனாள். அழுகையும் சிரிப்புமாக முதலில் வாயைத் திறந்தவள் கவிதாதான்.

"செருப்பு கம்பெனிக்குப் போற வண்டில செருப்பு போச்சுடி. சூப்பர்வைசருகிட்ட இன்னான்னு சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாளிலிருந்து பாதிப் பெண்கள் பஸ்ஸில் போனார்கள்.

அமலா வெள்ளிக்கிழமை வந்தாள். செஞ்சியில் சந்தை நாள். சாலையெங்கும் ஆடு, காய்கறி, கூட்டம். ஜெயமாலா கடைக்கு எதிர்ச்சாரியில் கருவாட்டுக் கூடையோடு செல்லம்மாள் வழக்கம்போலக் குந்தியிருந்தார். சந்தைதோறும் அந்த இடம் அவருக்குத்தான். காற்று எதிரில் அடித்தால் மல்லிநாதன் ஊதுவத்தி கொளுத்துவார். "என்னை சாமியாக்கிட்டாரு உன் வூட்டுக்காரரு" என்று செல்லம்மாள் அங்கிருந்தே கத்துவார்.

அமலா வேனைக் கடை வாசலில் குறுக்கே நிறுத்தினாள். சண்டைக்கு வந்த மாதிரி இல்லை. இறங்கி வந்து, "அக்கா, கொஞ்சம் ஏறி உக்காரு. ஒரு ரவுண்டு போலாம்" என்றாள்.

ஜெயமாலா புடவையை உதறிக்கொண்டு முன்கதவைத் திறந்தார்.

"அங்க இல்லக்கா. பின்னாடி."

ஜெயமாலா திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் பின்னால் உட்காரச் சொன்னதில்லை. பின்பக்கம் போய்ப் படியேறினார். அமலா கடைசி இருக்கையைக் காட்டினாள். கால் வைக்கும் இடத்தில் ஒரு பலகை போட்டிருந்தது. அமலா பலகையை எடுத்தாள். ஓட்டை வழியாகச் சாலை தெரிந்தது. யாரோ தின்றுபோட்ட வாழைப்பழத் தோல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

கிழிந்த விரிப்புக்குக் கீழே ஈரம் பட்ட துரு, பொரித்த அப்பளம் மாதிரி செதில் செதிலாக நின்றது. ஜெயமாலா விரலால் தொட்டார். ஓரம் உதிர்ந்து சாலையில் விழுந்தது. அப்போதுதான் அந்த வாசனையும் மேலே வந்தது. சாம்பிராணியெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"இது இன்னா வாசனை, அமலா?"

அமலா சாலையைத் தாண்டிக் கூப்பிட்டாள். "செல்லம்மாக்கா! கொஞ்சம் வந்துட்டுப் போயேன்!"

செல்லம்மாள் கூடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். படியில் ஒரு காலை வைத்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"யாருடி இது, என் சக்களத்தி வண்டியா? மீன்கூடை ஏத்துன வண்டிடி இது. ஐஸ் தண்ணி, உப்புத் தண்ணி எல்லாம் வருஷக்கணக்கா ஒழுகியிருக்குது. நானும் இந்த மாதிரி வண்டில கூடையோட வந்தவதானே. தரையைக் கழுவி வுடுவானுங்க, தண்ணி வெளிய போகாது, அடியிலயே நிக்கும்."

"மீன் வண்டி நான் வாங்கறதில்லயே" என்றார் ஜெயமாலா. தன் குரல் தனக்கே சின்னப்பிள்ளை குரல் மாதிரி கேட்டது.

"அதனாலதான் கழுவி, பொகை போட்டுக் குடுத்துருக்கான். வாங்கமாட்டேன்னு சொன்னா எவன் சொல்லிட்டு விப்பான்? உனக்கு அந்த மூக்கும் கெடையாது. மீன் இன்னா பண்ணுச்சு, மறைச்சவன் பண்ணான்."

அமலா அப்போதுதான் மனதில் இருந்ததைச் சொன்னாள். "எனக்கு அன்னிக்கே கருவாட்டு வாசனை வந்துச்சுக்கா. ஆனா நீ மீன் வண்டி எடுக்கமாட்டேன்னு ஊருக்கே தெரியும். நீ வேற பக்கத்துல உக்காந்துகினு இருந்தே. அதனால என் மூக்கைத்தான் நான் சந்தேகப்பட்டேன்."

ஜெயமாலா வேறு எதைக் கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பார்.

சந்தைக் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வண்டிக்கடைக்காரர் தங்கராசு வந்து சேர்ந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். செஞ்சியில் பழைய வண்டி விற்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர் மாதிரி. மல்லிநாதனைத் தனியாக இழுத்துப் போவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"இருக்கிற நெலமைல வாங்கிக்கறேன்னு கையெழுத்துப் போட்டுத்தானே அந்தப் பொண்ணு எடுத்துகினு போச்சு? அப்புறம் இன்னா? ஒரு தகரத்தை வச்சு வெல்டிங் அடிச்சுக் குடுத்து அனுப்பு. நீ இன்னிக்கி வண்டியத் திரும்ப எடுத்தேன்னு வை, நாளைக்கி ஊர்ல இருக்கிற தகர டப்பா எல்லாம் எங்க கடை வாசல்ல வந்து நிக்கும்."

மல்லிநாதன் மெதுவானவர். கணக்கு எழுதிய காலத்துப் பழக்கம், எதையும் இருபுறமும் பார்ப்பார். மனைவியிடம் வந்தார்.

"தங்கராசு சொல்றதுல ஞாயம் இருக்குது ஜெயா. நமக்கும் தெரியாது. நம்மளையும்தான் ஏமாத்தியிருக்கான்."

"தெரியாதுன்னு சொல்லி நான் விக்கலயே. தெரிஞ்ச மாதிரி மேல ஏறி உக்காந்து பஜாரச் சுத்துனேனே. அது இன்னா கணக்குல வரும், சொல்லுங்க."

மல்லிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜெயமாலா சுத்தியலையும் ஒரு பழைய திருப்புளியையும் எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் நுழைந்தார். புதிதாக அடித்திருந்த கருப்பு பெயிண்டைச் சுரண்டினார். முன்பக்கம் சுரண்டினால் இரும்பு வந்தது. பின்பக்கம் சுரண்டினால் பெயிண்டோடு இரும்பும் சேர்ந்து வந்தது. தரைத்தகடு மட்டும் இல்லை, அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டமே அரித்துப் போயிருந்தது. சட்டத்தில் சுத்தியலால் தட்டினார். இரும்பு மணி மாதிரி ஒலிக்க வேண்டிய இடத்தில் நனைந்த அட்டையைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. தங்கராசு சொன்ன வெல்டிங்கை எதன் மேல் அடிப்பது? அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த மழையில் இருக்கையோடு போகும். அங்கே கவிதா உட்கார்ந்திருப்பாள், அல்லது வேறொருத்தி.

சாப்பாட்டுக்கு மல்லிநாதன் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். வெயில் இறங்கி ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் போய்விட்டது. சமண வழக்கப்படி அவர்கள் வீட்டில் இருட்டிய பிறகு அடுப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஜெயமாலா வெளியே வந்தபோது சாலை விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. முகமெல்லாம் செந்தூளாக இருந்தது. அமலா போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கூட்டமும் முழுசாகக் கலையவில்லை. முடிவு தெரியாமல் போனால் செஞ்சிக்காரர்களுக்குத் தூக்கம் வராது.

"அமலா, இந்த வண்டி இனிமே பனமலைக்குப் போகாது. வேற எந்த ஊருக்கும் போகாது" என்றார் ஜெயமாலா. "நாளைக்கிக் காலைல வா. இதுக்குப் பதிலா வேற வண்டி. மேல ஒரு பைசா நீ குடுக்க வேணாம்."

தங்கராசு தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க எல்லாரையும் மாட்டிவுட்டியே, தாயி."

அமலா எழுந்து நின்றாள். கும்பிடவில்லை, கண் கலங்கவும் இல்லை. "வர்றேன்க்கா. ஆனா நீ சொன்னேன்னு எடுக்க மாட்டேன். விரிப்பைப் பிரிச்சு நான் பாக்கணும். என் வண்டில வர்ற பொண்ணுங்களும் பாப்பாங்க."

மல்லிநாதனுக்குச் சுருக்கென்றது. ஜெயமாலா சொன்னார், "அப்படிக் கேளு. இந்த வார்த்தைய முதல்லயே நீ கேட்டிருக்கணும். நானும் பிரிச்சுக் காட்டியிருக்கணும்."

மறுநாள் காலை பனமலையிலிருந்து பஸ் ஏறி ஒரு படையே வந்தது. கவிதா புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஜெயமாலா வரிசையிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தியது ஒரு நீல வேன். வேலூர் பக்கத்திலிருந்து வந்தது. அதைத் தங்களுக்கே வைத்துக்கொண்டு ஒரு தடவையாவது குடும்பத்தோடு யாத்திரை போய்வர வேண்டும் என்று மல்லிநாதன் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை வெளியே எடுத்தபோது அவர் துணி எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

பிறகு நடந்தது செஞ்சியில் அதற்கு முன் நடக்காதது. சாலையோரம், எல்லோரும் பார்க்க, ஒரு வேனின் இருக்கைகளைக் கழற்றி வெளியே வரிசையாக வைத்தார்கள். அலுமினியப் பட்டைகளைப் பிடுங்கினார்கள். விரிப்பைச் சுருட்டி எடுத்தார்கள். தங்கராசு தன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடப்பதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வண்டியிலும் துரு இருந்தால் ஜெயமாலாவின் கதை அன்றோடு முடிந்தது. அது அவருக்கும் தெரியும், விரிப்பின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டிய மல்லிநாதனுக்கும் தெரியும்.

விரிப்புக்கு அடியில் ஒரு மூலையில் செம்பழுப்பாக ஒரு திட்டு இருந்தது. கூட்டத்தில் "ஆ" என்று ஒரு சத்தம் எழுந்தது.

ஜெயமாலா யாரும் கேட்பதற்கு முன்னால் அதைத் தானே காட்டினார். "இதோ இருக்குது. பாருங்க." திருப்புளியை அமலாவிடம் கொடுத்தார். "நீயே சொரண்டு. அழுத்திச் சொரண்டு."

அமலா சுரண்டினாள். மேலே கொஞ்சம் செந்தூள் வந்தது, அடியில் வெள்ளையாக இரும்பு பளிச்சிட்டது. சுத்தியலை வாங்கித் தட்டினாள். டங்கென்று சாலை முழுக்கக் கேட்டது. கவிதா இரண்டு காலாலும் அந்த இடத்தில் ஏறிக் குதித்தாள். பிறகு இன்னும் இரண்டு பெண்கள் ஏறிக் குதித்தார்கள். வேன் ஆடியதே தவிர, தகடு அசையவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார் ஜெயமாலா. சாலையைத் தாண்டிப் பார்த்தார். சனிக்கிழமை செல்லம்மாளுக்கு அங்கே கடை இல்லை. இருந்தும், வேடிக்கை பார்க்கவென்று பஸ் பிடித்து வந்து அதே இடத்தில் வெறுங்கையோடு நின்றிருந்தார்.

"செல்லம்மா, வந்து மோந்து பாரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சமணர் கடையில் கருவாட்டுக்காரி வண்டி மோந்து பார்க்கிறாள் என்று யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது. செல்லம்மாள் மகாராணி மாதிரி நடந்து வந்தார். முந்தானையை உதறினார். வண்டிக்குள் ஏறி, குனிந்து, நான்கு மூலையிலும் மூக்கை வைத்தார். அவசரமே படவில்லை. கடைசியில் தலையை வெளியே நீட்டினார்.

"வெங்காயம் ஏத்தியிருக்கானுங்க. கொஞ்சம் பூண்டு. வேற ஒண்ணும் இல்ல."

மல்லிநாதன் வாய்விட்டுச் சிரித்தார். சமணர் சிலர் பூண்டும் வெங்காயமும்கூடத் தொடுவதில்லை. "ஜெயா, இதையும் நீ கண்டுபுடிக்கலயே!"

"பூண்டு தரையை அரிக்காதுங்க. வுடுங்க" என்றார் ஜெயமாலா.

விரிப்பையும் இருக்கைகளையும் திரும்ப மாட்டி முடிக்க உச்சிவெயில் ஆகிவிட்டது. அமலா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். கை நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். நேற்று பின்னால் போகச் சொன்னதற்கு ஈடாக அவளாகவே செய்த மரியாதை அது. துணிப்பையோடு நின்ற ஜெயமாலா அந்தக் கதவைச் சாத்தினார். பின்னால் போய்ப் படியேறி, கவிதாவைத் தள்ளி உட்காரச் சொல்லிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்.

"அங்க குலுக்கும்க்கா" என்றாள் அமலா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

"அதுக்குத்தான் வந்தேன். நீ வண்டிய எடு."

நீல வேன் பஜாரைச் சுற்றியது. டம்ளரோடு வெளியே வந்தவர்கள் முன்னிருக்கையைப் பார்த்துத் திகைத்தார்கள். காலியாக இருந்தது. வண்டி தாண்டிப் போகும்போதுதான் பின்கண்ணாடி வழியாக, பெண்களுக்கு நடுவில் வேர்க்கடலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் ஜெயமாலாவைப் பார்த்தார்கள். அனந்தபுரம்வரை இருந்த எல்லா வேகத்தடைகளிலும் அமலா வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏறினாள். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து கூச்சல் எழுந்தது. அதில் உரத்த குரல் ஜெயமாலாவுடையது.

வெள்ளை வேனை விற்றவரைத் தேடி மல்லிநாதன் கடற்கரைப் பக்கம் போனார். விபூதியோடுதான் இருந்தார் அந்த ஆள். "மாசி மகத்துக்கு சாமி பாக்கப் போற ஜனத்தையும்தானே ஏத்தினேன்? மீன் ஏத்துனியான்னு நீங்க கேக்கவே இல்லயே" என்றார். மல்லிநாதன் திரும்பி வந்து அதை அப்படியே சொன்னார். நஷ்டம் நஷ்டம்தான். ஜெயமாலா யோசித்துவிட்டு, "இனிமே கேக்கறேன்" என்றார்.

வெள்ளை வேனை அவர் யாருக்கும் விற்கவில்லை. பிரித்தார். எஞ்சின் தனியாகப் போனது, கதவுகள் தனியாகப் போயின. ஓட்டை விழுந்த தரைத்தகட்டை மட்டும் அறுத்து எடுத்து, கடை முகப்பில், மற்றவர்கள் பூசணிக்காய் கட்டுகிற இடத்தில் கம்பி போட்டுக் கட்டினார்.

"இன்னா ஜெயா இது, கண்திருஷ்டிக்கா?" என்றார் மல்லிநாதன்.

"ஆமா. என் கண்ணுக்கு."

தங்கராசு ஒரு மாதம் அவர்களோடு பேசவில்லை. அவர் பயந்த மாதிரி தகர டப்பாக்கள் யாருடைய கடை வாசலிலும் வந்து நிற்கவில்லை. வேறு ஒன்று நடந்தது. வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லாக் கடைகளிலும் விரிப்பைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைகளில் செல்லம்மாளைத் தேடி வண்டிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர் கருவாட்டைப் பார்ப்பதா, வண்டியைப் பார்ப்பதா என்று அலுத்துக்கொண்டே எழுந்து போவார்.

தை பிறந்த பிறகு ஒரு நாள், ஜெயமாலா ஒரு வண்டிக்கு அடியில் இருந்தபோது சாலையில் ஒரே ஆரவாரம். வெளியே வந்து பார்த்தார். தங்கராசு கடையிலிருந்து ஒரு வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. வாங்கியவர் வல்லத்துக்காரர், லேசில் விடுகிற ஆள் இல்லை. முன்னிருக்கை காலி. பின்னால், கடைசி இருக்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு, வியர்த்து வடிய, கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி தங்கராசு உட்கார்ந்திருந்தார்.

வண்டி ஜெயமாலா கடையைத் தாண்டும்போது இருவர் கண்களும் சந்தித்தன. தங்கராசு கண்ணாடியை இறக்கினார்.

"சிரிக்காத தாயி. எல்லாம் உன்னால வந்த வெனை!"

"வண்டிக்கு அடியில பூந்து பாத்தியா தங்கராசு?"

"பாத்தேன், பாத்தேன்! சட்டை போச்சு!"

"அப்ப தைரியமா உக்காரு" என்றார் ஜெயமாலா. துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு பிடி வேர்க்கடலையை அள்ளி, நகர்கிற வண்டியின் ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டார். பிறகு தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பாதியில் விட்ட வேலைக்காக மறுபடி வண்டிக்கு அடியில் நுழைந்தார்.